கிரேக்கத் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகு: எந்தத் தீவுக்கூட்டம் உங்களுக்குச் சரிப்படும்?

கிரேக்கத்தில் படகு எடுத்துச் சுற்றலாம் என்று ஆறேழு பேர் பேச ஆரம்பித்த உடனே யாராவது ஒருவர் சாண்டோரினி படத்தை குரூப்பில் போட்டுவிடுவார். வெள்ளை வீடு, நீலக் கும்மட்டம், கீழே கடல். அடுத்த நிமிடமே மற்றவர்கள் விமான டிக்கெட் விலை தேடப் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிரேக்கத்தில் தீவுகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடலும் காற்றும் பழைய கதையும் வேறு. படத்துக்கு அழகாக இருக்கும் தீவு, படகில் போக மோசமான தீவாக இருக்கலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வாடகைப் படகு பெரும்பாலும் சனிக்கிழமை மாலை கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலைக்குள் அதே மரீனாவுக்கு, அதாவது படகுத்துறைக்குத் திரும்பி, சனி காலையில் ஒப்படைத்துவிட வேண்டும். கிளம்பும் மாலையில் மளிகை ஏற்றி, பாதுகாப்பு விவரம் கேட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடும், ஆக ஓட்டக் கிடைப்பது ஆறு பகல்தான். நாற்பதடிப் பாய்மரப் படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் குளிக்கவும் ஊர் பார்க்கவும் நேரம் மிஞ்சாது, குழந்தைகள் முகம் சுளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதை முதலில் பாருங்கள், படத்தை அப்புறம் பாருங்கள். நான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது கிட்டத்தட்ட இவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

சைக்ளடீஸிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லோருடைய மனசும் அங்கேதானே இருக்கிறது. மைகோனோஸ், பாரோஸ், நாக்சோஸ், மீலோஸ், சாண்டோரினி எல்லாம் இந்தக் கூட்டம். பழைய வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு நடுவிலே கிடக்கும் டெலோஸ் என்ற குட்டித் தீவு ஒன்றே போதும். அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் கும்பிட்ட தீவு. பாரசீகத்துக்கு எதிராக கி.மு. 478-ல் ஏதென்ஸ் சேர்த்த கூட்டணியின் கஜானா இங்கேதான் இருந்தது, கி.மு. 454-ல் அதை அப்படியே ஏதென்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கி.மு. 426-ல் தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று கல்லறைகளையெல்லாம் தோண்டிப் பக்கத்துத் தீவான ரினியாவுக்கு மாற்றி, இனிமேல் இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவ்வளவு புனிதமான அதே தீவை கி.மு. 166-ல் ரோமானியர்கள் சுங்கமில்லாத துறைமுகமாக்கினார்கள். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பக்கூடிய சந்தை என்று அந்தக் காலத்துப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதுகிற அளவுக்கு அது போனது. கி.மு. 88-ல் ரோமை எதிர்த்த அரசர் மித்ரிடேட்டீஸின் படை வந்து சூறையாடியபின் ஊர் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் காவலர்கள், அகழாய்வு செய்பவர்கள் தவிர யாரும் அங்கே வசிப்பதில்லை, பயணிகள் இரவு தங்கவும் முடியாது.

இவ்வளவு சொன்னபிறகு, டெலோஸுக்காகப் படகு எடுக்காதீர்கள் என்று சொல்வது முரணாகத் தெரியலாம். யோசித்துப் பாருங்கள், இரவு நிற்க முடியாத தீவு, மைகோனோஸிலிருந்து அரை மணி நேரத்தில் சின்னப் படகுகள் கொண்டுவிடுகின்றன. சொந்தமாகப் படகு வைத்திருப்பதால் அங்கே உங்களுக்கு எந்த வசதியும் கூடப்போவதில்லை. மைகோனோஸில் அறை எடுத்துவிட்டுக் காலை முதல் படகில் போய்வருகிறவருக்கும் அதே சிங்கச் சிலைகள்தான், அதே மொசைக்தான்.

இப்போது காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்று ஒரு வடக்குக் காற்று அடிக்கும். வாடை என்றால் நமக்குக் குளிர்கால ஞாபகம் வரும், இது மேகமே இல்லாத நடுக்கோடை வெயிலில் அடிக்கிற வாடை. மழை வருமென்ற எந்த அறிகுறியும் இருக்காது, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் வெள்ளை நுரையாகப் பொங்கும். காற்றின் வேகத்தைச் சொல்லும் பொஃபோர்ட் அளவில் 5, 6 என்பது சாதாரணம், 7 வரை போவதும் நடக்கும், அதாவது மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கலாம், சில சமயம் ஒரு வாரம் முழுக்கவும். தெற்கே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், ஜாலியாக இருக்கும். ஆனால் ஏதென்ஸ் வடமேற்கில் இருக்கிறது, திரும்பும்போது முழுக்க எதிர்க்காற்று, எதிர் அலை. வெள்ளிக்கிழமைக்குள் படகைச் சேர்க்கவேண்டும் என்ற கெடுவும் இந்த எதிர்க்காற்றும் சேர்ந்தால் அந்தப் பயணத்துக்கு விடுமுறை என்று பெயர் வைக்க முடியாது. காற்று மிஞ்சிப்போனால் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே வேண்டாம் என்று படகு நிறுவனமே சொல்லிவிடும், இரண்டு நாள் ஒரே ஊரில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாண்டோரினி கனவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தப் படத்தில் தெரியும் கடல், எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். கி.மு. 1600-ஐ ஒட்டி நடந்த அந்த வெடிப்பில் புதைந்த அக்ரோத்திரி நகரம் தீவின் தென்பக்கம் இருக்கிறது, கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் பள்ளத்தின் கரை செங்குத்தாக இறங்குவதால் பெரும்பாலான இடங்களில் நங்கூரம் தரையைத் தொடவே தொடாது. தென்கரையில் விலிகாதா என்று ஒரு சின்ன மரீனா உண்டு, அதன் வாயில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்துவிடும். ஏதென்ஸிலிருந்து ஒரு வாரத்தில் படகில் போய்த் திரும்புவதும் நடக்கிற காரியம் இல்லை. 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் அங்கே தொடர் நில அதிர்வுகள் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: சைக்ளடீஸை ஃபெர்ரியில் பாருங்கள். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்கள் ஒழுங்காக ஓடுகின்றன, சிரோஸ், பாரோஸ், நாக்சோஸ் என்று இறங்கி ஏறிப் போகலாம், செலவும் குறைவு, வயிறும் கலங்காது. இல்லை, பாய்மரத்தில்தான் போவேன் என்றால் மே, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர் நடுவுக்குப் பிறகு, மேற்கு ஓரத்துத் தீவுகளான கேயா, கித்னோஸ், செரிஃபோஸ் பக்கம் போங்கள். ஏதென்ஸுக்குள்ளிருந்து கிளம்பாமல் அதன் தென்கிழக்கே இருக்கும் லாவ்ரியோ துறைமுகத்திலிருந்து கிளம்பினால் கேயா சுமார் பதினைந்து கடல் மைல்தான். அந்த லாவ்ரியோவின் வெள்ளிச் சுரங்கப் பணத்தில்தான் பழங்காலத் தலைவர் தெமிஸ்டோகிளிஸ் ஏதென்ஸுக்குக் கப்பற்படை கட்டினார். சூனியோ முனைப் பக்கமாகப் போனால் கடல் தெய்வம் பொசைடன் கோயிலின் தூண்கள் கடலிலிருந்தே தெரியும், அதைப் படகிலிருந்து பார்ப்பதற்கு ஈடு இல்லை.

அடுத்தது நேர் எதிர்ப் பக்கம், மேற்கே அயோனியன் தீவுகள். படகு ஓட்டக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, அல்லது சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, இதைவிட நல்ல கடல் கிரேக்கத்தில் கிடையாது. கோடையில் காலையில் காற்றே இருக்காது, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மிதமாக எழும்பி, சாயங்காலம் அடங்கிவிடும். லெஃப்காடா தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவில் மெகானிசி, கலாமோஸ், கஸ்தோஸ் என்று சின்னச் சின்னத் தீவுகள், ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கும், ஏஜியன் தீவுகளின் மொட்டைப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது வேறு நாடா என்று தோன்றும். பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒன்றாகப் போக, முன்னால் ஒரு வழிகாட்டிப் படகும் மெக்கானிக்கும் கூட வரும் ஃப்ளோட்டில்லா ஏற்பாடும் இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கிறது.

ஆனால் வரலாற்றுக்காகப் போகிறீர்கள் என்றால் இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வருத்தம் இருக்காது. 1953 ஆகஸ்டில் வந்த நிலநடுக்கம் கெஃபலோனியா, சாகிந்தோஸ், இத்தாக்காவின் ஊர்களைத் தரைமட்டமாக்கிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் வெனிஸ் ஆண்ட தீவுகள் இவை, அந்தக் காலத்து வீதிகளில் மிஞ்சியது மிகக் குறைவு. கெஃபலோனியாவின் வடமுனையில் ஃபிஸ்கார்தோ தப்பித்தது, அதனால்தான் எல்லாப் படகும் அங்கே போய் முட்டிக்கொள்கின்றன. வெனிஸ் கால நகரத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கோர்ஃபுதான், 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம், ஆனால் அது லெஃப்காடாவிலிருந்து வடக்கே வெகுதூரம். ஒரே வாரத்தில் இத்தாக்கா, கோர்ஃபு இரண்டும் என்று திட்டம் போட்டால் கடலிலேயே வாரம் ஓடிவிடும். கோர்ஃபு வேண்டுமென்றால் அங்கேயே படகு எடுத்து, பாக்சோஸ், பர்கா என்று தனியாக ஒரு சுற்று போய் வாருங்கள். 1815 முதல் 1864 வரை இந்தத் தீவுகளைப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கிரிக்கெட்டை கோர்ஃபுக்காரர்கள் இன்னும் ஆடுகிறார்கள். நம் சரித்திரப் பாடத்தில் சிந்துவைப் பிடித்தவராக வருகிற சார்லஸ் நேப்பியர், அதற்கு முன்னால் கெஃபலோனியாவில் அதிகாரியாக இருந்து ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்.

இத்தாக்காவுக்கு ஹோமர் காவியத்தின் நாயகன் ஒடிசியஸின் ஊர் என்று போகிறவர்கள் அரண்மனையைத் தேடாதீர்கள், இதுதான் என்று நிச்சயமாகக் காட்ட ஒன்றும் இல்லை. லெஃப்காடாதான் ஹோமரின் இத்தாக்கா என்று வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் வாழ்நாள் முழுக்க வாதாடி, அங்கேயே தோண்டி, அங்கேயே 1940-ல் இறந்தும் போனார். ஆனால் இத்தாக்காவின் பொலிஸ் விரிகுடாவில் இடிந்துபோன ஒரு குகையில் கிடைத்த மண் முகமூடித் துண்டில் ‘ஒடிசியஸுக்கு நேர்த்தி’ என்று எழுதியிருக்கிறது. அரண்மனை இருந்ததோ இல்லையோ, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் அவரைச் சாமியாகக் கும்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது போதும். ஸ்டாவ்ரோஸ் ஊரின் சின்ன மியூசியத்தில் இருக்கிறது, பல பேர் பீச்சில் படுத்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுவது எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

டோடெகனீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துருக்கிக் கரையை ஒட்டிய தென்கிழக்குத் தீவுகள், ரோட்ஸ், கோஸ், சிமி, லெரோஸ், பாட்மோஸ். வரலாறு அடுக்கடுக்காகக் கிடப்பது இங்கேதான், இதை ஒத்துக்கொள்ள வேண்டும். ரோட்ஸில் 1309 முதல் 1522 வரை சிலுவைப்போர் வீரர்கள் ஆண்ட கோட்டை நகரம் அப்படியே நிற்கிறது. பாட்மோஸில், பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் வெளிப்பாட்டை யோவான் கண்டதாகச் சொல்லப்படும் குகை, மேலே 1088-ல் தொடங்கிய கோட்டை மாதிரியான மடம். லெரோஸில் 1930-களில் இத்தாலியர்கள் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய லக்கி என்ற ஊர், அகலமான வீதியும் வளைந்த கட்டடமுமாக கிரேக்கத்தோடு ஒட்டாத ஒரு தினுசு. கோஸில் ஹிப்பாக்ரட்டீஸ் பேரைச் சொல்லும் மருத்துவக் கோயில். அந்தக் கோஸ் தீவு பாணி ஒயின் ஜாடிகளின் உடைசல்கள்தான் நம் அரிக்கமேட்டில் தோண்டும்போது கிடைத்தவை, யவனர் கொண்டுவந்த மது என்று நாம் படித்தது இந்தக் கடலோடு நேராகத் தொடர்புடையது.

இவ்வளவு இருந்தும் முதல் பயணத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். ரோட்ஸும் பாட்மோஸும் இரண்டு கோடியில் இருக்கின்றன, ஒரு வாரத்தில் பாதியைத்தான் தொட முடியும். மெல்தெமி இங்கேயும் வரும், தீவு முனைகளில் சுழன்று இன்னும் பலமாக அடிக்கும். கோஸில் படகு எடுத்து வடக்கே கலிம்னோஸ், லெரோஸ், பாட்மோஸ் என்று போய், காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு தெற்கே இறங்கி வருவது புத்திசாலித்தனம், அதாவது கஷ்டத்தை முதலில் முடித்துவிடுவது. எதிரில் தெரிகிறதே என்று துருக்கி பொட்ரமுக்குப் போக ஆசை வந்தால் அதற்குத் துருக்கி விசா, திரும்பி நுழைய பலமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா, வாடகைப் படகுக்கான தனி அனுமதி என்று ஏகப்பட்ட காகிதம். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த ஒரு நாள் சுற்றுலா அவ்வளவு பாடுக்குத் தகாது. பத்து, பதினான்கு நாள் லீவு உள்ளவர்கள், இரண்டாவது முறை போகிறவர்கள் தாராளமாக இங்கே வரலாம்.

சரி, மிச்சம் இருப்பது சரோனிக் வளைகுடா. ஏதென்ஸுக்கும் பெலோபொன்னீஸ் நிலப்பரப்புக்கும் நடுவில், ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ். ஏதென்ஸ்காரர்கள் வார இறுதிக்குப் போகிற இடம் என்று வெளிநாட்டுப் பயணிகள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். வரலாறும் படகும் சேர்ந்த ஒரே வாரம் வேண்டும் என்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான், அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸியிலோ பிரேயஸ் போகும் பஸ்ஸிலோ ஏறினால் அலிமோஸ் மரீனா, இன்னொரு விமானமோ அரை நாள் பஸ்ஸோ தேவையில்லை. இரண்டு பக்கமும் நிலம் இருப்பதால் மெல்தெமியின் கடுமை பெரும்பாலும் இங்கே தணிந்துவிடும், சைக்ளடீஸில் படகுகள் கட்டிப்போட்டுக் கிடக்கும் நாளில் இங்கே பாய் விரித்துப் போய்க்கொண்டிருக்கலாம். தூரமோ பெரும்பாலும் பதினைந்து, இருபது கடல் மைல். ஒரு நாள் காற்றோ உடம்போ ஒத்துழைக்கவில்லை என்றால் ஒரு தீவை விட்டுவிடலாம், திட்டம் உடையாது. யாருக்காவது படகே ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் எந்தத் தீவிலிருந்தும் பிரேயஸுக்கு ஃபெர்ரி உண்டு, பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஏஜினாவில் மலைமேல் அஃபையா கோயில், கி.மு. 500-ஐ ஒட்டிக் கட்டியது, ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலுக்கும் மூத்தது, தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதன் முகப்புச் சிலைகளை 1811-ல் கண்டெடுத்தார்கள், பவேரிய இளவரசர் லுட்விக் ஏலத்தில் வாங்கிக்கொண்டு போனார், இன்றைக்கும் அவை மியூனிக்கில் இருக்கின்றன. அதே லுட்விக்கின் மகன் ஓட்டோதான் பிற்பாடு விடுதலை பெற்ற கிரேக்கத்துக்கு முதல் ராஜாவாக வந்தவர், சிலை போன வழியில் ராஜா வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று அமைதியாக இருந்தால் கோயிலுக்குக் கீழே அயியா மரீனா விரிகுடாவில் நங்கூரமிட்டு ஏறிப் போகலாம், இல்லாவிட்டால் ஏஜினா டவுனிலிருந்து பஸ் இருக்கிறது. பிஸ்தா வாங்க மறக்காதீர்கள், அந்தத் தீவின் பெயரே பிஸ்தாவில்தான் வாழ்கிறது.

போரோஸில் நிலத்துக்கும் தீவுக்கும் இடைவெளி இருநூறு மீட்டர்தான், அந்த இடுக்கில் படகு நுழையும்போது இரண்டு கரையிலும் காபி குடிப்பவர்கள் முகம் தெரியும். தீவின் மேட்டில் பொசைடன் கோயிலின் அடித்தளம் மட்டும் மிச்சம். மாசிடோனியர்களை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் பேசிய ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், கி.மு. 322-ல் அவர்கள் துரத்தி வந்தபோது இந்தக் கோயிலில்தான் அடைக்கலம் புகுந்து விஷம் குடித்தார். பார்க்கக் கல்தான் இருக்கும், கதை தெரியாமல் போனால் ஏன் ஏறினோம் என்று தோன்றும், கதை தெரிந்து போனால் அந்தப் பைன் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றும்.

அப்புறம் ஹைட்ரா. கார் கிடையாது, பைக் கிடையாது, சாமான் எல்லாம் கழுதை, கோவேறு கழுதை முதுகில் போகும். இந்த மொட்டைப் பாறைத் தீவில் அவ்வளவு பெரிய கல் மாளிகைகள் எப்படி வந்தன என்று பார்த்தவுடனே கேள்வி எழும். நெப்போலியன் காலப் போரில் பிரிட்டிஷ் கடல் முற்றுகையை உடைத்து தானியம் கொண்டுபோய் விற்ற கப்பல்காரர்கள் சம்பாதித்த பணம் அது. 1821-ல் ஒட்டோமான்களுக்கு எதிராக விடுதலைப் போர் வெடித்தபோது அதே கப்பல்கள் போர்க்கப்பல்கள் ஆயின, கிரேக்கக் கடற்படைத் தலைவர் மியாவுலிஸ் இந்த ஊர். பக்கத்து ஸ்பெட்சஸிலோ புபுலினா என்ற விதவை, தன் சொத்தைப் போட்டு அகமெம்னோன் என்று ஒரு போர்க்கப்பலைக் கட்டித் தானே நடத்திப் போனார், 1825-ல் போரில் சாகாமல் குடும்பச் சண்டையில் சுடப்பட்டு இறந்தார். அவர் வீடு இப்போது மியூசியம். அங்கே பழைய துறைமுகத்தில் இன்னமும் மரப்படகு வேலை நடக்கிறது, படகில் வந்தவர்கள் அதைப் பார்க்காமல் போகக் கூடாது. இந்தத் தீவுகளின் வரலாறே கப்பல்காரர்களின் வரலாறு, அதனால்தான் கடல் வழியாக வந்து பார்க்கும்போது ஊர் ஏன் இந்த மூலையில் இருக்கிறது, பீரங்கி ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். டெலோஸுக்குப் படகு தேவையில்லை என்று சொன்னேன், ஹைட்ராவுக்கும் ஸ்பெட்சஸுக்கும் படகுதான் சரியான வாசல்.

குறை இல்லாமல் இல்லை. ஹைட்ரா துறைமுகம் கைக்குட்டை அளவு, கோடையில் இரண்டு மூன்று வரிசையாகப் படகுகள் ஒட்டி நிற்கும். நங்கூரத்தை முன்னால் போட்டுப் பின்பக்கமாக வந்து கரையில் கயிறு கட்டுவதுதான் கிரேக்க வழக்கம், காலையில் எல்லோரும் இழுக்கும்போது சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று மாட்டிக்கொண்டு மாஞ்சா நூல் சிக்கல்தான். மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேருங்கள், அல்லது எதிர்க்கரையில் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டு ஃபெர்ரியில் ஹைட்ரா போய் வாருங்கள், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெள்ளி, சனி இரவுகளில் ஏதென்ஸ் படகெல்லாம் வந்து குவியும். சில நாள் காற்றே இல்லாமல் எஞ்சினில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். கடற்கரை அழகில் அயோனியனோடு போட்டி போட முடியாது. இதெல்லாம் உண்மை.

எந்தப் படகு, யார் ஓட்டுவது என்பதும் இதோடு சேர்ந்த முடிவு. கிரேக்கத்தில் தானே ஓட்ட வேண்டுமென்றால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாய்மர லைசென்ஸ் ஒருவரிடம் இருக்க வேண்டும், கூடவே அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கிப்பரை, அதாவது படகு ஓட்டுபவரை வைத்துக்கொள்வதுதான் வழி. சம்பளம் ஒரு நாளைக்கு 200 யூரோவை ஒட்டி வரும், சாப்பாடு நம் பொறுப்பு. பலரும் மறந்துவிடுகிற விஷயம், அவருக்கும் ஒரு படுக்கை அறை வேண்டும், நான்கு அறைப் படகென்றால் உங்களுக்கு மூன்றுதான். இரண்டு உடல்கள் சேர்ந்த படகான கேட்டமரான் சாயாது, இடம் அதிகம், குமட்டல் குறைவு, வாடகை அதே நீளமுள்ள சாதாரணப் படகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறுபது தாண்டியவர்களும் நீச்சல் தெரியாதவர்களும் குழுவில் இருந்தால் கேட்டமரானுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. எல்லோரும் இளவட்டம் என்றால் அந்தப் பணத்தில் பெலோபொன்னீஸ் கரையிலுள்ள நாப்லியோ ஊரில் இரண்டு இரவு அறை போட்டுவிடலாம். குழந்தைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

விசாவுக்குப் படகு வாடகை ஒப்பந்தத்தையும் இணையுங்கள், பயணிகள் பட்டியலில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஷெங்கன் கட்டணம் 90 யூரோ. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். படகில் அடுப்பு இருக்கிறது, புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துப் போனால் பாதி வேளை ஓடிவிடும். நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள், வெளிநாட்டுப் பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். கரையில் சைவக்காரர்களுக்கு அரிசி அடைத்த தக்காளி, பெரிய பீன்ஸ் கறி, அடுப்பில் சுட்ட காய்கறி என்று தேவையான அளவு இருக்கிறது. ஆகஸ்ட் முதல் பாதியில் அவர்களுக்கு மாதா நோன்பு, கறியும் பாலும் சேராத சமையலைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த மாதம் 15-ஆம் தேதி திருநாளை ஒட்டி எல்லாத் துறைமுகமும் நிரம்பி வழியும், முடிந்தால் செப்டம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் அப்போதும் இளஞ்சூடாகத்தான் இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். செப்டம்பர் 8-ஐ ஒட்டி ஸ்பெட்சஸில் ஒட்டோமான் கப்பல் மாதிரி ஒன்றை நடுக்கடலில் கொளுத்தும் விழா உண்டு.

சரோனிக் என்று முடிவு செய்தவர்கள் வரிசையை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு போரோஸ், வந்த ஏதென்ஸ்காரர்கள் அன்று மாலைக்குள் கிளம்பிவிடுவார்கள். திங்கள் எர்மியோனி, அங்கிருந்து ஹைட்ரா. செவ்வாய் ஸ்பெட்சஸ். புதன் ஒரு நாள் கையிருப்பு, காற்று நன்றாக இருந்தால் நாப்லியோவரை ஏறி வெனிஸ்காரர்கள் 1714-ல் கட்டி முடித்து மறுவருஷமே பறிகொடுத்த பலமிதி கோட்டையைப் பார்க்கலாம், ஆனால் அப்படிப் போனால் வியாழன் முழுக்க நெடும் ஓட்டம்தான். நாப்லியோ போகாதவர்கள் புதனன்று போரோஸ் பக்கம் திரும்பி, வியாழன் பழைய எபிடாரஸ் துறையில் கட்டி டாக்ஸி எடுத்து அந்த நாடக அரங்கைப் பார்த்துவிடலாம், கி.மு. நான்காம் நூற்றாண்டு, பதினாலாயிரம் பேர் உட்காரலாம். வெள்ளி காலை ஏஜினாவில் நிறுத்தி அஃபையாவுக்கு ஏறிவிட்டு, மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள். மாலையில் அலிமோஸில் டீசல் போட எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், நான்கு மணிக்கு முன்னால் சேர்ந்துவிட்டால் அந்த வரிசை இல்லை.